அச்சுக்கூடத்தில் நுழைந்த இயந்திரம்



இயந்திரம் மனிதனுக்கு நண்பனா, பகைவனா என்று பட்டிமண்டபம் நடத்துவது நம் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் நெடுநாளைய வழக்கம். இரு கட்சிக்கும் பேசப் பொருள் உண்டு, கைதட்டலும் உண்டு. ஆயினும், அப்படிப் பொதுப்படப் பேசிக்கொண்டிருக்கும்வரை உண்மை நம் கைக்கு அகப்படுவதில்லை. ஏதேனும் ஒரு தொழிலை எடுத்துக்கொண்டு, அதில் எந்த ஆண்டு எந்த இயந்திரம் வந்தது, அப்போது அங்கே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் என்ன செய்தார்கள், பிறகு அவர்கள் கதி என்னவாயிற்று என்று விசாரித்தால்தான் சிறிதேனும் தெளிவு பிறக்கும். ஆகவே அச்சுத் தொழிலை, அதிலும் குறிப்பாக எழுத்துக் கோக்கும் தொழிலை இன்று எடுத்துக்கொள்கிறேன். நூறாண்டுக் காலத்துக்குள் இத்தொழிலில் இயந்திரம் இருமுறை புகுந்தது. முதன்முறை தொழிலாளர் அதனை வசப்படுத்திக்கொண்டார்கள். இரண்டாம் முறை தொழிலே மறைந்துவிட்டது. இந்த வேறுபாடு ஏன் ஏற்பட்டது என்பது ஆராயத்தக்கது.

எழுத்துக் கோத்தல் என்றால் என்ன என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஈயத்தோடு வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலந்து வார்த்த சிறுசிறு கட்டைகள். ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் எழுத்து, கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறி நிற்கும். இவற்றை அறை அறையாகத் தடுத்த மரப்பெட்டிகளில் வகைப்படுத்தி வைத்திருப்பார்கள். கோப்பவர் இடக்கையில் ‘ஸ்டிக்’ என்னும் சிறு இரும்புத் தட்டை ஏந்திக்கொண்டு, கண்ணால் கையெழுத்துப் பிரதியைப் படித்துக்கொண்டே, வலக்கையால் பெட்டியைப் பாராமலே எழுத்தை எடுத்து அடுக்குவார். வரி நிறைந்ததும் சொற்களுக்கிடையே ஈயத் துண்டுகளைச் செருகி, ஓரம் ஒழுங்காக நிற்கும்படி இறுக்குவார். அச்சடித்து முடிந்தபின் அத்தனை எழுத்தையும் பிரித்து அந்தந்த அறையில் மீண்டும் போடவேண்டும். அந்த வேலை சேலை நெய்து முடித்தவன் அதை நூல் நூலாகப் பிரித்து வைப்பது போன்றது.

ஆங்கிலத்திற்கே இவ்வளவு பாடு. தமிழுக்கோ இன்னும் மிகுதி. கி, கீ, கு, கூ என்று மெய்யோடு உயிர்க்குறி ஒட்டி உருமாறி நிற்கும் எழுத்துக்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அச்சு வேண்டும். ஆகையால் தமிழ் கோப்பவரின் பெட்டி ஆங்கிலக்காரரின் பெட்டியினும் மிகப் பெரிது. அவர் மனத்திலே பதிந்திருக்க வேண்டிய வரைபடமும் பெரிது. ணை, லை, ளை, னை என்பவற்றை முன்பு யானைத் துதிக்கை போன்ற வளைவோடு எழுதி வந்தோம். அவ்வடிவங்களையும், ணா, றா, னா என்பவற்றின் பழைய வடிவங்களையும் நீக்கித் தமிழ்நாட்டு அரசு 1978இல் ஆணையிட்டது. பெரியார் பல்லாண்டுகளுக்கு முன்பே தம் ஏடுகளில் கையாண்ட சீர்திருத்தம் அது. அதனால் அச்சுக்கூடங்களில் பெட்டியின் அறைகள் சில குறைந்தன.

அச்சுக்கோப்பவர் வெறும் கைவினைஞர் அல்லர். அவரே நூலின் முதல் வாசகர். ஆசிரியர் விட்ட பிழையை அவர் கண் பிடித்துவிடும். அவர் விடும் பிழையையோ பிழை திருத்துவோர் பிடிப்பார். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், தம் நூல்கள் பிழையின்றி வரவேண்டும் என்பதற்காக அச்சுக்கூடத்தையே சொந்தமாக அமைத்துக்கொண்டார் என்றால், அங்கே எழுத்துக் கோத்தவர்களின் பங்கு எவ்வளவு என்பதை ஊகித்துக்கொள்ளலாம். அவர்களின் பெயர்களை மட்டும் எந்தப் பதிப்பும் சொல்வதில்லை.

இத்தகைய கையையும் கண்ணையும் மூளையையும் ஒருசேர ஓர் இயந்திரத்துக்குள் அடைப்பது எளிதன்று. முயன்று கெட்டவர் பலர். அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெயின் இளமையிலே ஹானிபல் என்னும் சிற்றூரில் அச்சுக்கூடப் பையனாக இருந்தவர். எழுத்துக் கோக்கும் துன்பம் அவர் அனுபவித்து அறிந்தது. ஆதலின், பேஜ் என்பவர் உருவாக்கிய கோப்பு இயந்திரத்தில் தம் செல்வத்தைக் கொட்டினார். ஏறத்தாழ 18,000 உறுப்புக்கள் கொண்ட இயந்திரம் அது. ஓடும்போது அற்புதமாக ஓடும், ஆனால் ஓடிக்கொண்டேயிராது. 1894இல் ட்வெயின் கடனில் மூழ்கினார். அந்தக் கடனை அடைப்பதற்காகத்தான் உலகைச் சுற்றிச் சொற்பொழிவாற்றப் புறப்பட்டு, 1896இல் நம் நாட்டுக்கும் வந்தார்!

வெற்றி பெற்றவர் ஆட்மர் மெர்கந்தாலர். ஜெர்மனியில் 1854இல் பிறந்து, கடிகாரத் தொழில் பயின்று, 1872இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர். மனிதன் கை செய்வதை அப்படியே செய்யும் இயந்திரத்தை அவர் தேடவில்லை. ஈய எழுத்தை எடுத்து அடுக்குவதற்குப் பதிலாக, பித்தளையாலான எழுத்து வார்ப்புருக்களை அடுக்கி, அவற்றின்மேல் உருகிய உலோகத்தைப் பாய்ச்சி, வரி முழுவதையும் ஒரே கட்டையாக வார்த்தால் என்ன என்று சிந்தித்தார். விசைப்பலகையில் 90 விசைகள். விசையைத் தட்டினால் பித்தளை வார்ப்புரு கீழே இறங்கும். வரி நிறைந்ததும் வார்ப்பு நடக்கும். பின்பு ஒவ்வொரு வார்ப்புருவும் தன் தலையில் வெட்டியுள்ள பற்களின் உதவியால் தானே தன் இடம் போய்ச் சேரும். பிரித்துப் போடும் தொல்லை ஒழிந்தது. 1886ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ‘நியூயார்க் டிரிப்யூன்’ பத்திரிகையில் ‘லைனோடைப்’ என்னும் இவ்வியந்திரம் வேலைக்கு வந்தது. கையால் கோப்பவர் நால்வர் ஐவரின் வேலையை இதன்முன் அமர்ந்த ஒருவர் செய்தார். மெர்கந்தாலர் காச நோயால் 1899இல் மறைந்தார்.

இனி அச்சுத் தொழிலாளர் என்ன செய்தார்கள் என்பதைக் காண்போம். அமெரிக்காவில் அவர்களுக்கு 1852இலேயே நாடளாவிய சங்கம் ஏற்பட்டிருந்தது. இயந்திரத்தை உடைக்கலாம் என்றோ, அதைத் தொடமாட்டோம் என்றோ அவர்கள் சொல்லியிருக்கலாம். இங்கிலாந்தில் 1811 முதல் லட்டைட்டுகள் என்ற நெசவுத் தொழிலாளர் அவ்வாறே செய்தனர். தூக்கு மேடையும் நாடு கடத்தலும் கண்டனர். அச்சுத் தொழிலாளர் வேறு வழி கண்டார்கள். இயந்திரம் வரட்டும், ஆனால் அதன்முன் அமர்பவர் முறையாகத் தொழில் பயின்ற எங்கள் அச்சுக்கோப்பாளராகவே இருக்கவேண்டும் என்றார்கள். விசையைத் தட்டத் தெரிந்த எவரையேனும் குறைந்த கூலிக்கு அமர்த்திக்கொள்ளலாம் என்று எண்ணிய முதலாளிகளின் வழி அடைபட்டது. கையால் கோத்தவரே இயந்திரத்தைக் கற்றார். செய்தித்தாள்களும் பக்கம் பெருகி வளர்ந்தமையால், பலர் அஞ்சிய அளவுக்கு வேலையிழப்பு நேரவில்லை. அதுமட்டுமா? 1905-06இல் நடத்திய வேலைநிறுத்தங்களின் வாயிலாக எட்டு மணி நேர வேலைநாளும் பெற்றார்கள். இயந்திரம் மிச்சப்படுத்திய நேரத்தில் ஒரு பங்கு தொழிலாளிக்கும் கிடைத்தது என்று இதைக் கொள்ளலாம்.

அவர்களுடைய வேலைத்தலத்தின் பண்பாடும் சிறிது சொல்லத்தக்கது. காலைச் செய்தித்தாளின் வேலை இரவில் நடப்பது. ஊர் உறங்கும்போது விழித்து, ஊர் விழிக்கும்போது உறங்குபவர்களுக்கு அக்கம்பக்கத்தார் எங்ஙனம் நண்பராவர்? ஆகவே அவர்கள் தமக்குள்ளேயே கழகங்கள் அமைத்துக்கொண்டார்கள், வாதம் புரிந்தார்கள். நாடாளுமன்றத்தில் இருப்பதுபோல் அவர்கள் சங்கத்திலும் நிலையான இரு கட்சிகள் இருந்தன. ஆட்சியிலிருந்த கட்சி தேர்தலில் தோற்று இறங்குவதும் உண்டு. இந்த அதிசயத்தை ஆராய்ந்து லிப்செட் முதலான மூன்று சமூகவியல் அறிஞர்கள் 1956இல் ஒரு பெருநூலே எழுதினார்கள். நோயுற்ற தொழிலாளருக்காகக் கொலராடோ மலைநாட்டில் 1892இல் சங்கம் ஓர் இல்லம் திறந்தது. ஈயத் தூசியும் காற்றோட்டமற்ற அறையும் தந்த காச நோய்க்கு அக்காலத்தில் மலைக்காற்றே மருந்து. காது கேளாதோர் பலர் இத்தொழிலில் சிறந்து விளங்கினர் என்பதும் குறிப்பிடத்தக்கது. காது கேளாதோர் பள்ளிகளில் அச்சுத் தொழில் கற்பித்தார்கள். லைனோடைப் இயந்திரங்களின் பேரிரைச்சல் பிறரை வாட்டியது, அவர்களை வாட்டவில்லை.

எல்லாம் புகழத்தக்கதாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. வெளியிலிருந்து ஆயத்தமாக வார்ப்பெடுத்து வந்த விளம்பரங்களையும் தாங்கள் ஒருமுறை கோத்தே தீரவேண்டும் என்று சில நகரங்களில் ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தார்கள். கோப்பார்கள், பிழை திருத்துவார்கள், பிறகு உருக்கும் கொப்பரையில் போடுவார்கள்! யாருக்கும் பயன்படாத வேலை. ஆனால் கூலி உண்டு. அமெரிக்கத் தலைமை நீதிமன்றமே 1953இல் இதைச் சட்ட விரோதம் அன்று என்றது. சட்டத்துக்கு ஒத்ததாயினும், தன் கைத்திறனில் பெருமை கொண்ட ஒருவன் தான் கோத்ததைத் தானே உருக்கும்போது அவன் உள்ளம் எப்படியிருந்திருக்கும்? ஊதியத்தைக் காப்பதற்காக உழைப்பின் பொருளைக் கைவிட்ட நிலை அது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி இரண்டாம் இயந்திரத்துக்கு வருவோம். 1960களில் துளையிட்ட நாடாவும் கணிப்பொறியும் அச்சுக்கூடத்தின் வாயிலில் வந்து நின்றன. 1962 டிசம்பரில் நியூயார்க் அச்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். கூலியோடு இந்தப் புதுக்கருவிகளும் தகராற்றுக்குக் காரணமாயிருந்தன. 114 நாள் அந்நகரின் பெரும் நாளேடுகள் வெளிவரவில்லை. முடிவில் இரு தரப்பாரும் நைந்தனர். சில ஏடுகள் அடுத்த சில ஆண்டுகளில் மறைந்தே போயின. அந்தக் கசப்பு தந்த அனுபவமோ என்னவோ, 1974இல் நியூயார்க் டைம்ஸும் டெய்லி நியூஸும் அதே சங்கத்தோடு 11 ஆண்டு ஒப்பந்தம் ஒன்று செய்துகொண்டன. எந்தப் புதுக்கருவியையும் நிருவாகம் கொண்டுவரலாம், சங்கம் தடுக்காது. அதற்கு ஈடாக, அன்று பணியில் இருந்த நிலையான அச்சுத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் வாழ்நாள் முழுதும் வேலை உறுதி. ஒருவர் ஓய்வு பெற்றால் அவ்விடத்துக்குப் புதியவர் வரமாட்டார்; இருப்பவரை எவரும் வெளியேற்றவும் மாட்டார். தொழிலை மெல்ல மெல்ல இயற்கையாக மறையவிடுவது, ஆளை மறையவிடுவதில்லை. சங்கம் புதிய ஒளி அச்சுக்கோப்பு முறைகளைத் தன் உறுப்பினருக்குக் கற்பிக்கப் பயிற்சி நிலையமும் நடத்தியது.

நியூயார்க் டைம்ஸ் உருகிய ஈயத்தால் உருவான கடைசி இதழ் 1978 ஜூலை 2ஆம் நாள் இதழ். அவ்விரவை அந்நிறுவனத்தின் பிழைதிருத்துநர் ஒருவரே திரைப்படமாக எடுத்தார். லைனோடைப் இயக்கியவர் ஒருவர் அதற்கு விளக்கவுரை சொன்னார். ‘எட்டாயின் ஷ்ர்ட்லு, விடைபெறுகிறோம்’ என்பது போன்ற பெயர் அதற்கு. இஃதென்ன மொழி என்று கேட்பீர்கள். லைனோடைப் விசைப்பலகையின் முதல் இரு நிரைகளில் மேலிருந்து கீழாக உள்ள எழுத்துக்கள் அவை. ஒரு வரியில் தவறு நேர்ந்துவிட்டால், அதைக் கழித்துப் போடுவதற்காக விரலை அந்த நிரைகளில் ஒரு தடவு தடவி வரியை நிரப்பிவிடுவார்கள். சிற்சில நாள் அந்தக் கழிவு வரி தப்பிப்போய்ச் செய்தித்தாளிலேயே அச்சாகிவிடும். பொருளற்ற அச்சொல் அத்தொழிலாளருக்கு உரிய குலச்சின்னம்போல் ஆயிற்று. ஈயத்தோடு பழகிய அதே கைகள் கத்தரித்த தாள்களை ஒட்டிப் பக்கம் அமைப்பதையும், கணிப்பொறித் திரைமுன் அமர்வதையும் அப்படத்தில் காணலாம். வேலை போகவில்லை. ஆனால் ஆறாண்டு பயின்று அடைந்த திறம் போயிற்று. ஊதியப் பட்டியலால் அதை ஈடு செய்ய இயலாது.

இலண்டனில் கதை வேறு விதமாக நடந்தது. புதுக்கருவி பற்றிய தகராற்றால் ‘தி டைம்ஸ்’ 1978 டிசம்பர் 1 முதல் ஏறத்தாழ ஓராண்டு நின்றுபோயிற்று. இரு தரப்பும் இறங்கி வரவில்லை. 1981இல் அவ்வேடு ரூபர்ட் மர்டாக்கின் கைக்கு மாறியது. 1986 ஜனவரியில் வாப்பிங் என்னுமிடத்தில் முன்னரே ஆயத்தமாக வைத்திருந்த புதிய அச்சகத்துக்கு வேலை மாற்றப்பட்டது. வேலைநிறுத்தத்தில் இறங்கிய ஏறத்தாழ 5,500 பேர் வேலை நீக்கம் செய்யப்பட்டனர். ஓராண்டுக்கு மேல் வாயிலில் மறியல் நடந்தது. 1987 பிப்ரவரியில் அது முடிந்தபோது அவர்கள் பழைய வேலைக்குத் திரும்பவில்லை. அதன்பின் செய்தியாளரே தம் செய்தியை நேராகக் கணிப்பொறியில் தட்டினார். இடையில் கோப்பவர் என்று ஒருவர் வேண்டியதில்லை. ஒரே வகைக் கருவி. ஒரே வகைத் தொழில். நியூயார்க்கில் ஒருவிதமாகவும் இலண்டனில் வேறுவிதமாகவும் அது மனிதர்மேல் விழுந்ததென்றால், அதற்குக் கருவியைக் காரணம் காட்ட இயலாது. யார் யாரோடு எப்போது அமர்ந்து பேசினார்கள் என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

இலண்டன் தொழிலாளரிடத்தும் ஒரு குறை உண்டு. அதை மறைத்தால் கதை முழுமை பெறாது. பெண்களைத் தம் தொழிலுக்குள் வரவிடாது நெடுங்காலம் தடுத்தவர்கள் அவர்கள். எமிலி ஃபெயித்ஃபுல் என்னும் அம்மையார் 1860இல் பெண்களைக் கொண்டே ‘விக்டோரியா அச்சகம்’ நடத்திக் காட்டியபோதும் அவர்கள் மனம் இளகவில்லை. அமெரிக்கச் சங்கம் 1869இல் பெண்களைச் சேர்த்துக்கொள்ள இசைந்ததோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். நூறாண்டு கழித்துக் கணிப்பொறி வந்தபோது, அதன் விசைப்பலகை தட்டச்சுப் பொறியின் விசைப்பலகையாக இருந்தது. அது அலுவலகத்துத் தட்டச்சுப் பெண்களின் வேலை என்று இகழ்ந்து வந்தவர்கள் அதே பலகைமுன் அமரவேண்டியதாயிற்று. அவர்களுடைய மனவேதனையை நேரில் கேட்டு, சிந்தியா காக்பர்ன் என்பவர் 1983இல் ஒரு நூல் வெளியிட்டார். திறத்தின் பெருமைக்குள் பிறரை விலக்கும் பெருமையும் கலந்திருந்ததை அந்நூல் காட்டுகிறது.

நம் நாட்டிலோ இப்படிச் சொல்வதற்கு ஒப்பந்தமும் இல்லை, மறியலும் அதிகம் இல்லை. நம் ஊர்களில் அச்சுக்கூடம் என்றால் பெரும்பாலும் ஓர் உரிமையாளர், இரண்டொரு கோப்பவர், காலால் மிதித்தோ மின்சாரத்தாலோ ஓட்டும் ஓர் இயந்திரம். திருமண அழைப்பிதழ், துண்டு விளம்பரம், இரசீதுப் புத்தகம், அவ்வளவுதான். 1990களில் கணிப்பொறித் தமிழ் எழுத்துக்கள் ஊர்தோறும் பரவியபோது, அந்தக் கோப்பவர்களுக்காகப் பேச வலுவான சங்கம் இல்லை. அவர்களுக்கு என்று பயிற்சியும் இல்லை. தட்டச்சு பயின்ற இளைஞரும் இளம் பெண்களும் திரைமுன் அமர்ந்தார்கள். கோப்பவர்களில் சிலர் தாமே முயன்று விசைப்பலகை கற்றனர். சிலர் எண் பொறித்தல், துளையிடல், தாள் வெட்டுதல் முதலிய எஞ்சிய வேலைகளில் ஒதுங்கினர். பலர் தொழிலையே விட்டனர். ஈய எழுத்து எடைக்கு விலை போயிற்று. எழுத்தோடு அவர்களிடம் இருந்த மொழியறிவும் போயிற்று. எந்த இடத்தில் ஒற்று மிகும், எந்தச் சொல்லை வரி ஓரத்தில் எப்படி முறிக்கலாகாது என்பதையெல்லாம் இலக்கணம் படியாமலே விரலால் அறிந்திருந்தவர்கள் அவர்கள். இன்றைய நூல்களில் மலிந்திருக்கும் பிழைகளைக் காணும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவு வருகிறது. கணிப்பொறி பிழை செய்வதில்லை என்பார்கள், மெய்தான். தட்டியவர் பிழையை அது தடுப்பதும் இல்லையே!

அமெரிக்க அச்சுத் தொழிலாளர் சங்கமும் 1986இல் வேறொரு பெரிய சங்கத்தோடு இணைந்து தன் தனிப்பெயரை இழந்தது. ஆயினும் அது கையாண்ட வழி அதனோடு மறைந்துவிடவில்லை. 2023 மே 2ஆம் நாள் ஹாலிவுட் திரைக்கதை ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் தொடங்கி 148 நாள் நடத்தினார்கள். செயற்கை நுண்ணறிவு எழுதித்தள்ளும் காலம் வந்துவிட்டது. எங்கள் நிலை என்ன என்பது அவர்கள் எழுப்பிய கேள்விகளில் ஒன்று. அவர்கள் அக்கருவியைத் தடை செய்யச் சொல்லவில்லை. கருவிக்கு ஆசிரியர் என்னும் தகுதி கிடையாது. எழுத்தாளர் விரும்பினால் நிறுவனத்தின் இசைவோடு அதனைப் பயன்படுத்தலாம், ஆனால் பயன்படுத்தியே தீரவேண்டும் என்று நிறுவனம் வற்புறுத்தலாகாது. கருவி எழுதியதைக் கொடுத்தால் அதனை ஒளிக்காமல் சொல்லவேண்டும் என்றெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்கள். லைனோடைப் வந்தபோது அச்சுக்கோப்பாளர் கேட்டதும் ஏறக்குறைய இதுவே: கருவி இருக்கட்டும், அது யார் கையில் இருக்கவேண்டும் என்பதைப் பேசி முடிவு செய்வோம்.

உங்கள் ஊரில் இன்னும் ஈய எழுத்துப் பெட்டி வைத்திருக்கும் அச்சுக்கூடம் ஏதேனும் இருந்தால், ஒரு மாலைப்பொழுதில் அங்கே போய்ப் பாருங்கள். முதியவர் ஒருவர் இருப்பார். அவர் கணிப்பொறி கற்றாரா, எந்த வயதில், யார் கற்றுக்கொடுத்தார்கள், கற்காவிட்டால் ஏன் என்று கேளுங்கள். அவருக்கு நேரம் இருக்குமானால், பெட்டியைப் பாராமல் உங்கள் பெயரை ஸ்டிக்கில் கோத்துக் காட்டச் சொல்லுங்கள்.